உலை கேட்கும் கரி

டில்லியில் வாழைப்பூ வேண்டும் என்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டும் என்பாள் என் தங்கை. ஆர்.கே. புரத்தில் 28 வருடமாகக் குடியிருக்கிறாள். நான் ஊரிலிருந்து எப்போது வந்தாலும் மறுநாள் காலை அங்கே ஒரு நடை உண்டு. இந்த முறை நவம்பர். வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது, தொண்டையில் கரகரப்பு. ஆனால் மார்க்கெட்டின் தகரக் கூரைக்குக் கீழே போய்விட்டால் அது வேறு ஊர். சேனைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மரவள்ளி, கொத்தாகக் கறிவேப்பிலை, நேந்திரங்காய் வறுவல், அப்பளக் கட்டு. மலையாளமும் தமிழும் வங்காளமும் இந்தியும் ஒரே சந்துக்குள் பேரம் பேசுகின்றன. உள்ளே போகப்போக மீன் வாடை. ஈரத் தரை.

கடைப் பலகைகளில் ‘மோகன் சிங் மார்க்கெட்’ என்று முகவரி எழுதியிருக்கிறது. 1942-ல் இந்திய தேசிய ராணுவத்தை முதலில் திரட்டிய தளபதியின் பெயர் மோகன் சிங். அந்தப் படையில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். இன்று அதே பெயரைத் தாங்கிய இடத்தில் டில்லித் தமிழர்கள் தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டியபோதுதான் எண்ணினேன். மீனுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கறுப்புப் பை. வாழைப்பூவுக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று, தேங்காய்க்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒன்று. புட்டு மாவு வந்த உறை, வறுவல் வந்த வெள்ளிப் பளபளப்பு உறை, பால் பாக்கெட். மொத்தம் ஒன்பது. ஒரு வேளைச் சமையலுக்கு.

“மஞ்சப்பை எடுத்துட்டுப் போயிருக்கணும் அண்ணா” என்றாள் தங்கை. சென்னையில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்து ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரு மஞ்சள் பை கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். ஐந்து பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. நாங்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை. 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகள் 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கக் கூடாது என்பது விதி. எங்கள் முன்னால் கிடந்தவற்றில் சில, வாயால் ஊதினால் பறக்கும். இது ஒரு மார்க்கெட்டின் கதை இல்லை. எங்கள் ஓமலூர்ச் சந்தையிலும் இதேதான்.

நான் கொல்லர் வீட்டில் பிறந்தவன். தாத்தா காலம்வரை பட்டறை நடந்தது. துருத்தி இழுப்பது பேரன்களின் வேலை. தாத்தா மரக்கரியை உலைக்குள் போடும் முன் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டிப் பார்ப்பார். கிணுங்கென்று சத்தம் வந்தால்தான் அது உலைக்கு. மொத்தையாகக் கேட்டால் ஈரம், ஓரமாகப் போ என்று தள்ளிவிடுவார். இரும்பைப் பற்றி அவர் பேசியதைவிடக் கரியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அதனால்தானோ என்னவோ, குப்பைப் பிளாஸ்டிக்கை இரும்பு உருக்கும் உலையில் கரிக்குப் பதிலாகப் போடுகிறார்கள் என்று பல வருடங்களுக்கு முன் முதன்முதலில் படித்தபோது அது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த ஒன்பது பைகளைப் பார்த்ததும், இவை இங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் மீண்டும் ஐ.என்.ஏ. போனேன். மார்க்கெட்டின் பின்பக்கம் மூன்று சக்கர வண்டியோடு ஒரு பழைய சாமான்காரர். டில்லியில் கபாடிவாலா. ஐம்பது வயதிருக்கும், பீகாரின் ஏதோ கிராமம். மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள் ஒரு பக்கம், அட்டைகள் ஒரு பக்கம், எண்ணெய் டின்கள் ஒரு பக்கம். ஒரு கோணியில் பால் பாக்கெட்டுகளும் தெளிவான பைகளும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பன்னி’.

“கறுப்புப் பை?” என்று கேட்டேன்.

“அதை யார் வாங்குவார்கள், பாயீ சாப்” என்றார். “அது ஏற்கெனவே நாலு பிறவி எடுத்தது.”

உண்மைதான். பல வண்ணப் பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கினால் வரும் அழுக்கு நிறத்தை மறைக்கக் கறுப்புச் சாயம் போடுகிறார்கள். கறுப்பாகிவிட்ட பிளாஸ்டிக்கை வேறு நிறமாக்க முடியாது. பெரிய ஆலைகளில் அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பிளாஸ்டிக் வகை பிரிக்கும் எந்திரங்களின் கண்ணுக்கும் கறுப்பு தெரிவதில்லை. மீன்காரர் கொடுத்த பை அந்தப் பொருளின் கடைசி முதுமை.

கோணியில் இருப்பது எங்கே போகும் என்று கேட்டேன். முதலில் பக்கத்தில் ஒரு கிடங்கு, அங்கிருந்து முண்ட்கா, டிக்ரி என்றார். மேற்கே, அரியானா எல்லை.

தில்லி ஹாட்–ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கின்றன. இளஞ்சிவப்பில் பஞ்சாபி பாக் மேற்கு வரை போய், அங்கே பச்சைத் தடம் மாறினால் டிக்ரி. வண்டி கிளம்பியபின் மூன்றாவது நிலையத்தின் பெயர் சர் எம். விஸ்வேஸ்வரய்யா மோதி பாக். அந்தப் பெயரை அறிவிப்பில் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சொல்லித்தான் அவரை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் பத்ராவதிக்காரர். 1923-ல் உற்பத்தி தொடங்கிய மைசூர் இரும்பு ஆலையைத் தூக்கி நிறுத்தியவர். அந்த ஆலையின் ஊதுலை நிலக்கரியில் எரியவில்லை. சிவமொக்காக் காட்டு மரத்தைச் சுட்டெடுத்த கரியில் எரிந்தது. பக்கத்தில் நிலக்கரி இல்லை, காடு இருந்தது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலத்து மலையிலிருந்து வந்தது. கரிக்கு மரம். உலை தின்னும் வேகத்துக்கு மரம் கிடைக்காமல் திணறியது அந்த ஆலையின் முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம். சேலத்துக்காரனாகப் பிறந்தவனுக்குக் கஞ்சமலையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவு வரும்: தாது இன்னும் இருக்கிறது, அதை உருக்கிய காடு இல்லை.

இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் விடாமல் கட்டிப் பிடித்திருக்கும் கல். சூடு மட்டும் கொடுத்தால் அவை பிரியாது. ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இன்னொன்று வேண்டும். அந்த வேலையைத்தான் கரி செய்கிறது. எரிந்து சூடு தருவது அதற்குப் பாதி வேலை, ஆக்சிஜனைப் பறிப்பது மறுபாதி. நாலாயிரம் வருடமாக இந்தச் சூத்திரம் மாறவில்லை. மரக்கரி போய் நிலக்கரியைச் சுட்டெடுத்த கற்கரி வந்தது, அவ்வளவுதான். கரிமம் எங்கிருந்து வந்தது என்று உலை கேட்பதில்லை. பால் பாக்கெட்டும் மளிகைக்கடைப் பையும் பாலிஎத்திலீன். அதன் எடையில் நூற்றுக்கு 86 பங்கு கரிமம், மீதி 14 பங்கு ஹைட்ரஜன். வேறு எதுவும் இல்லை. தாத்தாவின் காதுக்குக் கிணுங்கென்று கேட்டிருக்காது. ஆனால் கரிமக் கணக்கில் அது நல்ல நிலக்கரிக்குக் குறைந்ததில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனைப் பறிக்கும். பறித்துக்கொண்டு நீராவியாகப் போகும். 2023 ஏப்ரலில் டாட்டா ஸ்டீல் தன் ஜாம்ஷெட்பூர் ஊதுலை ஒன்றில் ஹைட்ரஜன் வாயுவையே செலுத்திச் சோதித்தது. அதே ஹைட்ரஜன் நம் குப்பைத் தொட்டியில் பால் பாக்கெட் வடிவில் கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

மாயாபுரி வந்தது. பழைய இரும்பின் பேட்டை. 2010 ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஏலத்தில் போன பழைய கருவி இங்கே வந்து, அதற்குள் கோபால்ட் கதிர்வீச்சு இருப்பது தெரியாமல் உடைத்து, ஒரு தொழிலாளி இறந்தார், பலர் படுத்தார்கள். பிரிக்கிறவர் கையில் என்ன வந்து சேர்கிறது என்பதை அனுப்புகிறவர் யாரும் சொல்வதில்லை. வண்டி நிற்கும் அரை நிமிடத்தில் மனம் கனத்துவிட்டது.

பச்சைத் தடம் ரோத்தக் சாலையின் மேலேயே ஓடுகிறது. நாங்லோய் தாண்டியதும் கீழே கிடங்குகள் தொடங்கிவிடுகின்றன. டிக்ரி கலானில் இறங்கினேன். முன்பு ஜ்வாலாபுரியில் இருந்த பிளாஸ்டிக் சந்தையை நகருக்கு வெளியே அனுப்பியபோது இங்கே வந்தது, இன்று ‘பி.வி.சி. மார்க்கெட்’ என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுகிறார். நீல டிரம்கள், உடைந்த நாற்காலிகள், மோட்டார் சைக்கிள் மட்கார்டுகள், ஊசி உறைகள், செருப்புகள், கேன்கள், மலைமலையாகப் பன்னி. ஒவ்வொரு குவியலும் ஒரு நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் மைசூர்த் தசராவுக்குக் கோலப்பொடி கொட்டி வைத்ததுபோல் இருந்தது. கிட்டே போனால் புளித்த வாடை.

ஒரு கிடங்கில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் அனுமதி கொடுத்தார். நான் ஓரமாக ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் இருந்திருப்பேன். என் வாழ்நாளில் நான் பார்த்த கைத்திறன்களில் அது ஒன்று. மூத்தவர், எல்லாரும் ‘மௌசி’ என்று கூப்பிட்டார்கள், ஒரு துண்டைக் கையில் எடுத்துக் கசக்குவார். சலசலவென்றால் ஒரு கூடை, மெத்தென்றால் வேறு கூடை. கெட்டியான துண்டானால் சிமென்ட் தரையில் தட்டுவார். சத்தம் கேட்டதும் கை தானாக ஒரு பக்கம் வீசும். எனக்குத் தாத்தா நினைவுக்கு வந்தார்.

“எப்படித் தெரிகிறது, மௌசி?”

“அரிசியில் கல் எப்படித் தெரிகிறது? அப்படித்தான்.”

சந்தேகமானவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பி.வி.சி.யும் தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட்டும் கனம், மூழ்கும். மூழ்கிய இரண்டையும் பிரிக்க அவர்கள் மூக்கை நம்புகிறார்கள். தீக்குச்சி காட்டி முகர்ந்து பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடச் சோதனை உண்டு. செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒற்றி, மீண்டும் தீயில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாக மாறும். அதைச் சொன்னேன். இளம்பெண் ஒருத்தி உடனே ஒரு கம்பித் துண்டு தேடி எடுத்தாள். பழைய குழாய்த் துண்டைத் தொட்டு அடுப்பில் காட்டியபோது சுடர் மயில் கழுத்துப் பச்சையாக எழுந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மௌசி மட்டும், “அந்தப் புகை நெஞ்சை அடைக்கும், தள்ளிப் போங்கள்” என்றார்.

அவர் சொன்னதில்தான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது உலைக்குள் போனால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிக் குழாய்களை அரிக்கும். அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு பிறக்கும். அதனால் பிளாஸ்டிக்கை இரும்பு உலையில் போடுவது என்ற திட்டம் உலை வாயில் தொடங்குவதில்லை. இந்தத் தொட்டியில், இந்தப் பெண்களின் காதிலும் விரலிலும் தொடங்குகிறது.

பிரித்த நல்ல சரக்கு கழுவி, அரைத்து, உருக்கி மணிகளாகிறது, ‘தானா’ என்கிறார்கள். தானியம்போலவே இருக்கிறது. வாளியாக, குழாயாக, நாற்காலியாக அது மறுபடி பிறக்கும். ஊரில் என் சிறுவயதில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர், பிறகு உடைந்த பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துக்கொண்டார். அந்தக் குடத்தின் அடுத்த வழி இதுதான் என்று இப்போது கண்ணால் பார்த்தேன். நல்ல பிளாஸ்டிக்குக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதை உலையில் போட்டுத் தொலைப்பது பாவம்.

கேள்வி சுவரோரம் கிடந்த குவியலைப் பற்றியது. வறுவல் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு பொட்டலம், பான் மசாலா பொட்டலம், கறுப்புப் பை. உள்ளே அலுமினியப் படலம், நடுவில் ஒரு பிளாஸ்டிக், வெளியே அச்சடித்த இன்னொன்று என்று ஒட்டிய அடுக்கு உறைகளை யாராலும் பிரிக்க முடியாது. அவற்றை வாங்க ஆள் இல்லை. ஓக்லாவில் 2012-லிருந்து குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இருக்கிறது. பக்கத்துக் குடியிருப்புகள் அதன் புகையை எதிர்த்து வருடக்கணக்காகப் போராடுகின்றன. மீதிக் குப்பை காஜிப்பூர், பல்ஸ்வா மலைகளில் ஏறுகிறது. காஜிப்பூர் மலை 2017 செப்டம்பரில் சரிந்து இரண்டு உயிர்களை எடுத்தது. எங்கும் போக முடியாதவை நகரத்தின் ஓரங்களில் ராத்திரியில் எரிகின்றன. பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். அங்கே உலோகத்துக்காகப் பிளாஸ்டிக் எரிகிறது, மிகக் கெட்ட முறையில், திறந்த வெளியில், குழந்தைகள் பக்கத்தில் நிற்க.

அந்தச் சுவரோரக் குவியலுக்கு உலகத்தில் சிலர் வழி கண்டிருக்கிறார்கள். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் பிரெமன் உருக்காலை, ஊதுலையின் அடிவாயில் பிளாஸ்டிக்கைக் காற்றோடு சேர்த்துச் செலுத்தத் தொடங்கியது. 1996-ல் ஜப்பானின் என்.கே.கே. நிறுவனம் கெய்ஹின் ஆலையில் அதைச் செய்தது. ஊதுலையின் அந்த இடத்தில் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் கண்ணிமைக்கும் முன் வாயுவாகி மேலே ஏறித் தாதுவைத் தொடும். நிப்பான் ஸ்டீல் வேறு வழி பிடித்தது. 2000-லிருந்து கற்கரி சுடும் அடுப்பிலேயே நிலக்கரியோடு நூற்றுக்கு ஒரு பங்கு பிளாஸ்டிக்கைக் கலந்தது. ஐந்தில் ஒரு பங்கு கற்கரியாகிறது, மீதி எண்ணெயும் வாயுவும். ஜப்பானிய முறைகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது: வீட்டிலேயே உறைகளைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதை மறுபடி பயன்படுத்தும் செலவை உறை செய்கிறவர்களும் அதில் பொருள் விற்கிறவர்களும் ஏற்கவேண்டும்.

நம் மண்ணிலிருந்து போன ஒருவர் மூன்றாவது வழியைத் திறந்தார். வீணா சகஜ்வாலா. மும்பையில் பிறந்து வளர்ந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1986-ல் உலோகவியல் முடித்தவர், இப்போது சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் கற்கரித் தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் செலுத்தும் முறையை உருவாக்கினார். அந்த உலையில் உருகிய இரும்பின் மேல் கசடு மிதக்கும். அதற்குள் கரிமம் போனால் வாயுக் குமிழ்கள் எழும்பிக் கசடு பால் பொங்குவதுபோல் நுரைத்து உயரும். அந்த நுரை மின்வில்லைப் போர்வைபோல் மூடிச் சூட்டை வெளியே விடாமல் காக்கும். மின்சாரம் மிச்சம். டயரும் பிளாஸ்டிக்கும் கலந்த தூள் இந்த நுரையை வெறும் கற்கரியைவிட நன்றாகப் பொங்க வைக்கிறது என்று அவர் கண்டார். ஆஸ்திரேலியாவில் ஒன்ஸ்டீல் ஆலையில் அது வணிக அளவில் ஓடியது. தாய்லாந்துக்கும் தென்கொரியாவுக்கும் போனது. 2022-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டிக்ரியின் கிடங்கு வாசலில் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது எதிரே சாலையில் நசுக்கிய கார் கூடுகளை ஏற்றிய லாரி ஒன்று மேற்கே போனது. அதே ரோத்தக் சாலை. ரோத்தக்கில் டாட்டா ஸ்டீல் 2021 ஆகஸ்டில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பழைய இரும்பைத் துண்டாக்கும் நிலையத்தைத் தொடங்கியது. அதே நிறுவனம் லூதியானாவில் பழைய இரும்பை உருக்க மின்வில் உலை அமைக்க 2023 அக்டோபரில் அடிக்கல் நாட்டியது. உலையும் இரும்பும் அந்தப் பக்கம். கரிமம் இந்தப் பக்கம் சுவரோரம். நடுவே ஒரு நெடுஞ்சாலை. நம் நாட்டு உருக்காலைகளில் இது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. சிமென்ட் உலைகள் நம்மிடம் முன்பே இந்தக் குப்பையை ஏற்கத் தொடங்கிவிட்டன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போட வழி காட்டினார். 2002-ல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் போட்ட சாலை அதன் தொடக்கங்களில் ஒன்று. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஆகவே நமக்குத் தெரியாத வித்தை இல்லை இது.

ஆனால் கணக்கை நேர்மையாகப் போடவேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020-21-ல் நாட்டின் பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். நம் உருக்காலைகளுக்கு ஆண்டுதோறும் இறக்குமதியாகும் கற்கரிக்கான நிலக்கரி 5 கோடி டன்னுக்கு மேல். குப்பை முழுவதையும் உலையில் போட்டாலும் எடைக்கு எடை பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் பாதியை மறுபடி உருக்கிப் பயன்படுத்துவதுதான் முறை. ஆகவே பிளாஸ்டிக் வந்து உருக்குத் தொழிலைக் காப்பாற்றும் என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. உலையில் போன பிளாஸ்டிக்கின் கரிமமும் கடைசியில் கரியமில வாயுவாகத்தான் வெளியே வரும். அதுவும் பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய்தானே. உருக்கு ஆலைக்குப் பிளாஸ்டிக் அவ்வளவாகத் தேவையில்லை. பிளாஸ்டிக்குக்குத்தான் உருக்கு ஆலை தேவைப்படுகிறது. அப்படியானால் சுமை கூலியை யார் கொடுப்பது? உறையில் பொருள் அடைத்து விற்கிற நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் வந்த விதி சொல்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு மௌசியின் கூடைக்கு அருகே வந்து சேர்ந்தால்தான் சுவரோரக் குவியலை யாரேனும் குனிந்து எடுப்பார்கள். இன்று அவருக்கு எடைக்குக் கூலி. வறுவல் உறைக்கு எடையே இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. கெய்ஹினில் இருந்த கடைசி ஊதுலை 2023 செப்டம்பரில் நிரந்தரமாக அணைந்தது. உருக்குத் தொழில் ஊதுலையை விட்டு மெல்ல நகர்கிறது. குப்பைக்கு என்று ஓர் அடுப்பை நம்பி நாம் உறைகளைச் செய்துகொண்டே இருந்தால், அடுப்பு அணைகிற நாளில் குவியல் மட்டும் மிஞ்சும். அதனால் மஞ்சப்பைக்கு உலை மாற்றாகாது.

மூன்றாம் நாள் மஞ்சள் தடத்தில் தெற்கே போனேன். குதுப் மினார் வளாகத்தில் அந்த இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1600 வருடம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இது ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதைப் பல வருடம் ஆராய்ந்தார். வீணா சகஜ்வாலா படித்த அதே துறை. அக்காலத்து உலையில் சுண்ணாம்பு சேர்க்காததால் இரும்பில் பாஸ்பரஸ் தங்கிவிட்டது, அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாக உதவியது என்று அவர் காட்டினார். 2009-ல் காலமானார். வேலிக்கு வெளியே நின்று தூணைப் பார்த்தேன். அருகே போய்ப் பார்த்தால் சுத்தியல் ஒட்டிய இடங்கள் இன்னும் தெரிகின்றன என்பார்கள், எனக்கு வேலிவரைதான். கட்டி கட்டியாக இரும்பைப் பழுக்க வைத்து ஒன்றோடொன்று அடித்து ஒட்டிய கொல்லர்கள். எத்தனை மரம் கரியானதோ. யாரோ ஒருவர் ஒவ்வொரு கரித்துண்டையும் தட்டிப் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

ஊருக்கு ரயில் ஏறும் நாள் காலையில், தங்கை கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்த ஒன்பது பைகளையும் மடித்து எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. போனேன். மஞ்சப்பையில்தான் எடுத்துப் போனேன். பழைய சாமான்காரர் அதே இடத்தில் இருந்தார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பால் பாக்கெட், வெங்காயம் வந்தது, தேங்காய் வந்தது, வாழைப்பூ வந்தது நான்கும் கோணிக்குள் போயின. கறுப்பு இரண்டு, வறுவல் உறை, மாவு உறை, கறிவேப்பிலை வந்த குட்டிப் பை ஐந்தையும் என்னிடமே நீட்டினார்.

“டிக்ரி போனேன் என்றீர்களே. இதைக் கேட்கிறவர்கள் அங்கே யாராவது இருக்கிறார்களா?” என்றார்.

ரோத்தக் சாலையில் பார்த்த லாரியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அந்த ஐந்தையும் என் கையிலிருந்து வாங்கி, வண்டியின் கைப்பிடியில் தனியாக ஒரு முடிச்சாகக் கட்டித் தொங்கவிட்டார்.